உராய்வு இல்லாத பஜார்

எங்க மணிப்பேரி பஜார்ல, வடக்க கொளத்தங்கரைக்கும் தெக்க பஸ் நிக்கிற புளியமரத்துக்கும் நடுவுல, ஆடுறது எதுவும் ஆட்டத்த நிறுத்தாம, சுத்துறது எதுவும் சுத்த நிறுத்தாம, உருளுறது எதுவும் உருள நிறுத்தாம ஒரு காலம் இருந்துச்சு. அந்தக் காலத்துலயும் நான் இங்கதான் மாவுக்கடை வச்சிருந்தேன், இப்பவும் வச்சிருக்கேன், பேரு சுப்புத்தாய், சந்தேகம்னா நேர்ல வந்து ஆளப் பாத்துக்கிடுங்க. கத விடுதான்னு நெனைக்கிறவுக பக்கத்து ஊருக்குப் போய் வேற நல்ல கதையாக் கேட்டுக்கிடலாம், எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல, அரைக்க வேண்டிய உளுந்து கெடக்கு.

என் கடைக்கு நேரெதிர்ல கோயில்பிள்ளை அண்ணாச்சியோட ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணமோ காதுகுத்தோ, சடங்கு வீடோ கட்சி மாநாடோ, செத்தவனுக்குக் கண்ணீர் அஞ்சலியோ, இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு மூஞ்சி பெருசாத் தெரியணும்னா அது அண்ணாச்சி மிஷின் வழியா வெளிய வந்தாத்தான் உண்டு. அவுக மொதல்ல மைக் செட் வச்சிருந்தவுக, அதனால மெதுவாப் பேசவே தெரியாது. ரகசியம் சொல்லுதேன்னு நம்ம காதுகிட்ட குனிஞ்சாகன்னா புளியமரத்துல உக்காந்திருக்க காக்கா பறந்துரும்.

அந்தக் கடைல டிசைன் பண்றவதான் உலகம்மாள். இன்ஜினியரிங் படிச்சு, சென்னைல கம்பெனி வேலை பாத்து, கல்யாணமும் முடிச்சு, அப்புறம் ஒரு நாள் ஒத்தப் பையோட பஸ்ஸ விட்டு எறங்கி அண்ணாச்சி கடை வாசல்ல நின்னவ. என்ன ஏதுன்னு பஜாரே கேட்டுச்சு, நானும் கேட்டேன், கேக்காத ஒரே ஆளு அண்ணாச்சிதான். "டிசைன் பண்ணத் தெரியுமா தாயி?"ன்னாக. "தெரியும்"னா. "அப்ப செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வா"ன்னாக. அவ்வளவுதான், அன்னைக்கிலேர்ந்து அவ எங்க பஜார்க்காரி.

ஆள் வராத மத்தியான நேரத்துல அந்தப் பிள்ள கம்ப்யூட்டர்ல ஒரு வேல பண்ணும், நான் இட்லி மாவு குடுக்கப் போகும்போதெல்லாம் பக்கத்துல நின்னு பாப்பேன். படம் போடுவா, ஆனா பிரஷ்ஷும் கெடையாது பென்சிலும் கெடையாது. புரோகிராம் எழுதுவா. ஒரு திரை நெறைய புள்ளியத் தூவிட்டு, ஒரு புள்ளி இன்னொரு புள்ளிய இவ்வளவு தூரத்துல இருந்தா இழுக்கணும், ரொம்பக் கிட்ட வந்தா தள்ளணும், இது கனம், இது லேசு, காத்து இந்தத் தெசையிலேர்ந்து வந்து நடுவுல கொஞ்சம் திரும்பணும்னு சட்டம் சட்டமா எழுதி வச்சிட்டு, ஒரு பொத்தான அமுக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருவா. அப்புறம் புள்ளிக பாடு. அதுக ஒண்ணையொண்ணு தொரத்தி, ஒதுங்கி, சேந்து, பிரிஞ்சு, போன தடமெல்லாம் கோடா விழுந்து, ஒரு நேரம் புல்லு மாதிரி வரும், ஒரு நேரம் பொக மாதிரி வரும், ஒரு நேரம் இன்னதுன்னு பேரே சொல்ல முடியாத ஒண்ணு வந்து அம்சமா நிக்கும். "என்ன வரப்போவுதுன்னு எனக்கே தெரியாது அத்தே, அதுலதான் சொகமே"ம்பா. அந்தப் படத்தையெல்லாம் மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால வச்சு அடிச்சுக் குடுப்பாக அண்ணாச்சி. அவ்வளவு அழகான கல்யாணப் பேனர் தென்காசிப் பக்கமே வேற எங்கயும் கெடையாது, சும்மா சொல்லல.

ஆனா அவளுக்கு ஒரு வைராக்கியம். எந்தப் புள்ளியையும் கையால தொட மாட்டா. ஒரு தடவ மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து, பொண்ணு மூக்கு நுனியில ஒரு புள்ளி வந்து உக்காந்திருக்கு, அத மட்டும் கொஞ்சம் நகட்டி வைம்மான்னாக. நகட்ட மாட்டேன்னுட்டா! காத்தோட சட்டத்த ஒரு மயிரிழை மாத்தி, படத்த மொதல்லேர்ந்து ஓடவிட்டு, அது பிடிக்காம இழுக்கற சட்டத்த மாத்தி, மறுபடி ஓடவிட்டு, அந்த மூக்கக் காலி பண்ண அவளுக்குப் பொழுது சாஞ்சு போச்சு. பாத்துக்கிட்டு இருந்த எனக்கே பொறுக்கல. "ஏட்டி, சுண்டுவெரலால ஒரு தள்ளு தள்ளிட்டுப் போவியா, இதுக்குப் போயி"ன்னேன். "சட்டத்த வேணா ஆயிரம் தடவ மாத்துவேன் அத்தே, புள்ளியத் தொட மாட்டேன். நான் தொட்டா அது பொய்யாயிரும்"னா. படிச்ச பிள்ளைகளுக்கு எதுலயெல்லாம் ரோசம் பாருங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்.

எல்லாப் புரோகிராம்லயும் கடைசியா உராய்வுன்னு ஒரு வரி எழுதுவா. ஓடுற புள்ளி, ஓட ஓட தன் வேகத்துல ஒரு துளிய எழந்துக்கிட்டே வரணும், அதான் அந்த வரி. அது இருந்தாத்தான் எல்லாம் ஓடிக் களைச்சு ஒரு எடத்துல அமரும், அமந்தாத்தான் படம் முடியும், முடிஞ்சாத்தான் மிஷின்ல அடிக்க முடியும். சுவிட்ச அமத்தின பெறகு என் கிரைண்டர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தி நிக்குதோ அப்படின்னு வச்சுக்கிடுங்க.

அந்த வருசம் ஐப்பசியில அண்ணாச்சிக்கு மாடிப்படி ஏற முடியாமப் போச்சு. பாதிப் படியில உக்காந்து, நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு, வேர்த்து ஊத்தும். பாளையங்கோட்டைக்குப் போய் பெரிய டாக்டரப் பாத்துட்டு வந்து, பஸ்ஸ விட்டு எறங்கினதும் எறங்காததுமா பஜாருக்கே கேக்குற மாதிரிச் சொன்னாக. "இருதயம் களைச்சுப் போச்சாம்! ஆப்பரேஷன் தாங்காதாம்! அது நிக்கிற வரைக்கும் ஓடட்டும்னு சொல்லிட்டாரு!" எல்லாரும் கடைய விட்டு எறங்கி வந்துட்டோம். தையக்கடை பீர்முகம்மது பாய் ஒரு சேர எடுத்துட்டு வந்து போட்டாரு. அண்ணாச்சி அதுல உக்காந்து எல்லாரையும் ஒரு தடவ பாத்துட்டு, "ஏன் இப்படி நிக்கீக, மாநாடா நடக்கு? போங்கவே, போய் யாவாரத்தப் பாருங்க"ன்னாக. நான் உள்ள போய் அரிசிச் சாக்கு மறைவுல நின்னு நல்லா அழுதேன்.

மறுநாளு உலகம்மாளக் கூப்பிட்டு ஒரு ஆர்டர் குடுத்தாக பாருங்க, கேட்டா சிரிப்பீக. "தாயி, ஊரு முழுக்கச் செத்தவனுக்கெல்லாம் நான் பேனர் அடிச்சுக் குடுத்திருக்கேன். எனக்குன்னு வரும்போது எவனாவது அவசரத்துல என் பேரத் தப்புத்தப்பா அடிச்சு மானத்த வாங்கிருவான். அதனால உசுரோட இருக்கும்போதே என் பேனர அடிச்சிரு. நான் பாத்துத் திருத்திட்டு நிம்மதியாப் போறேன்."

"கண்ணீர் அஞ்சலின்னு என் கையால அடிக்க மாட்டேன்"னா அவ. "அப்படின்னா எழுத்தே வேண்டாம், படம் மட்டும் போடு"ன்னாக அவுக. அதுக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தா. கடைசில அண்ணாச்சி, "உன் புள்ளியெல்லாம் என்னச் சுத்தி ஓடணும்னு எனக்கு ஒரு ஆச தாயி"ன்னு சொன்னதும் அவளுக்குத் தாங்கல. எழுதினா. எங்க பஜார்ல எத்தன பேரு உண்டோ அத்தன புள்ளி, எல்லாம் ஒண்ணையொண்ணு இழுக்கும், நடுவுல செங்கல் நெறத்துல அண்ணாச்சியோட புள்ளி, கொழுக்கட்டை கணக்கா. மூக்க உறிஞ்சி உறிஞ்சி, முந்தானையால கண்ணத் தொடச்சித் தொடச்சி எழுதினா, எழுதி முடிச்சி மிஷினுக்கு அனுப்பினா, அடிச்சு வந்ததக் கடை வாசல்ல கட்டினாக. அண்ணாச்சி படம் பல்லு தெரியச் சிரிச்சிக்கிட்டு நிக்க, பின்னால அத்தன புள்ளி. உராய்வு வரிய மட்டும் அவ எழுதல. மறந்துட்டாளா, இல்ல எழுத மனசு வரலியான்னு அவளுக்கே தெரியாது, நான் எத்தனையோ தடவ கேட்டுப் பாத்துட்டேன்.

பேனர்ல புள்ளியெல்லாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. துணியில அடிச்ச படம் ஓடுமான்னு கேக்காதீக, ஓடுச்சு. எங்காளுக வந்து பாத்து, நெறம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, அண்ணாச்சிக்கு அந்த நீலச்சட்டை எடுப்பா இருந்திருக்கும், ஓடுறது சரி ஆனா ஏன் எடமிருந்து வலமா ஓடுதுன்னு ஆளாளுக்கு ஒரு கொறை சொல்லிட்டு, இதுல நான் எந்தப் புள்ளின்னு கேட்டுக்கிட்டு நின்னாக. அதுக்குள்ள என் கடைல மாவு தண்ணியாப் போச்சு. சுவிட்ச அமத்திட்டுத்தான் பேனரப் பாக்கப் போனேன், வந்து பாத்தா கிரைண்டர் சுத்திக்கிட்டே இருக்கு, கைய வச்சா கையச் சேத்து இழுக்கு.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஃபேன்சி ஸ்டோர் ஜாஸ்மின் தன் பிள்ளையத் தொட்டில்ல போட்டு ஒரு ஆட்டு ஆட்டினா, அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்க, அவ ஜாலியா வளையல் யாவாரம் பாத்தா. பீர்முகம்மது பாய் தையல் மிஷின ஒரு மிதி மிதிச்சிட்டுக் காலத் தூக்கி மேல வச்சிக்கிட்டு ஒரு குடும்பத்துக்கே துணி தச்சு முடிச்சாரு. கரண்டு போயும் ஃபேன் நிக்கல. மின்வாரியத்துலேர்ந்து வந்தவரு மீட்டரப் பாத்தாரு, ஃபேனப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, "நான் இந்தத் தெருவுக்கே வரல"ன்னு சொல்லிட்டு ஒரு டீயக் குடிச்சிட்டுப் போய்ட்டாரு. அந்த டீயும் சும்மா இல்ல, மாஸ்டர் ஆத்தினா கிளாஸுக்கும் குவளைக்கும் நடுவுல அது பாட்டுக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கும், நாமதான் சமயம் பாத்து வாய வைக்கணும். சைக்கிள்லேர்ந்து தவறி விழுந்த ஒரு கேஸ் சிலிண்டரு கொளத்தங்கரைக்கும் புளியமரத்துக்கும் போறதும் வாரதுமா உருண்டுச்சு. மொத நாளு எல்லாரும் அலறி ஒதுங்கினோம், அப்புறம் பழகிப் போச்சு, "சிலிண்டரு வருது, கால எடு"ன்னு சொல்லிட்டு வெலை பேசிக்கிட்டு இருப்போம். அந்தச் சிலிண்டரு திரும்புறத வச்சு நேரம் சொன்னவுக உண்டு. சாமி கோயில் ஊஞ்சல ஒரு தடவ ஆட்டிவிட்டுட்டு பூசாரி வயலுக்குப் போய்ட்டாரு, அம்மன் பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருந்தா, அதப் பாக்கக் கூட்டம் அம்மிருச்சு.

"எல்லாம் நிக்காமப் போவுது, நாம நடந்தா மட்டும் எப்படிட்டி நிக்கோம்?"னு உலகம்மாள்ட்ட கேட்டேன். "காலுக்கு நான் சட்டமே எழுதலியே அத்தே"ன்னா. அதுவும் சரிதான்.

இதுல யாரு என்ன சொகப்பட்டாலும் அண்ணாச்சி பட்ட சொகந்தான் பெருசு. அவுக மாடிப்படி ஏறினாக. ஃப்ளெக்ஸ் ரோலத் தோள்ல போட்டுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு ஏறினாக. பாளையங்கோட்டை டாக்டரு நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டுட்டு, திருப்பிக் கேட்டுட்டு, "ஓடுது"ன்னாராம். யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லல, ஆனா பஜாருக்கே வெளங்கிருச்சு: எதுவும் நிக்காத ஊர்ல அந்த இருதயமும் நிக்காது. அதனால மாவு தண்ணியானா என்ன, ஃபேன் நிக்காமக் குளிருல வெறச்சா என்னன்னு எல்லாரும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தோம்.

ஆனா நிக்காதது எல்லாம் நல்லதுக்கில்லையே. ஜாஸ்மின் பிள்ள தொட்டில்லயே கக்கிருச்சு, ஆடுற தொட்டில நிறுத்த முடியாம, போறபோக்குல பிள்ளைய வெளிய உருவி எடுக்குறதுக்குள்ள அவ உசுரு போயி உசுரு வந்துச்சு. பாய் வெரல்ல ஊசி ஏறிருச்சு, மிஷின் நின்னாத்தான வெரல எடுக்க, அது பாட்டுக்குத் தச்சுக்கிட்டே போகுது. கடைசில ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வேன் கொளத்தங்கரை எறக்கத்துல வந்துச்சு, டிரைவரு பிரேக்க மிதிச்சாரு, பிரேக்குக் கட்ட வழுக்கிருச்சு. நல்லவேளை, ஆளு சாமர்த்தியசாலி, பஜாருக்குள்ள விடாம புளியமரத்தச் சுத்தி வண்டிய வளச்சாரு. வளச்ச வண்டி வளஞ்சபடியே சுத்துது. உள்ள இருந்த பிள்ளைக மொதல்ல கைதட்டிச் சிரிச்சிச்சு, அப்புறம் பாட்டுப் பாடிச்சு, அப்புறம் ஒண்ணு அழ ஆரம்பிச்சது, எல்லாம் அழுதுச்சு. பெத்தவுக வேனோட கூடவே ஓடி, சன்னல் வழியா ஒவ்வொண்ணா இழுத்து எடுத்தாக. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஒரு பிள்ளைக்கு ஒத்தச் செருப்பு போச்சு, அவ்வளவுதான். எல்லாரையும் எறக்கின பெறகு டிரைவரும் குதிச்சிட்டாரு, வெறும் வேன் விளக்கப் போட்டுக்கிட்டு மரத்தச் சுத்திக்கிட்டே கெடந்துச்சு.

மறுநாள் காலைல எல்லாரும் ஃப்ளெக்ஸ் கடை முன்னால கூடிட்டோம். கூடினோமே ஒழிய யாரும் வாயத் திறக்கல. சொல்ல வேண்டியது என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அதச் சொல்ற நாக்குதான் யார்ட்டயும் இல்ல. ஜாஸ்மின் பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுத் தரையப் பாத்தா. பாய் கட்டுப் போட்ட வெரலப் பாத்தாரு. நான் கிரைண்டர் ஓடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டு நின்னேன்.

அண்ணாச்சிதான் வெளிய வந்தாக. "என்னவே, எல்லாரும் ஊமையாயிட்டீகளா? நானே சொல்லுதேன். தாயி, உராய்வப் போடு."

"மாட்டேன்"னா உலகம்மாள்.

"பிள்ளைக வேன்ல கெடந்து அழுதத நீயும் பாத்தல்லா?"

"பாத்தேன். அதுக்காக? போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஏட்டி, நிக்கிற மாதிரியும் நிக்காத மாதிரியும் ரொம்பச் சின்னதாப் போடேன்"னேன் நான். "சின்னதாப் போட்டா மெதுவா நிக்கும் அத்தே, நிக்காம இருக்காது"ன்னா. அப்ப எனக்கு ஒரு யோசன தோணிச்சு, எல்லார் மனசுலயும் அதுதான் ஓடிச்சு. "அண்ணாச்சி புள்ளிய மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் போடு. என்ன கெட்டுப் போச்சு? உன் வைராக்கியத்தத் தூக்கி ஒடப்புல போடு"ன்னேன். அவ கண்ணு ரெண்டும் அண்ணாச்சி மேல போச்சு. அவ சரின்னு சொல்லியிருப்பா, எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி சிரிச்சாக. "எனக்கு மட்டும் தனிச் சட்டமா? நீங்க எல்லாரும் நின்னு, உங்க பேரப்பிள்ளையளும் நின்ன பெறகு, நான் மட்டும் இந்த பஜார்ல ஒத்தையா ஆடிக்கிட்டு இருக்கவா? என் வீட்டுக்காரி ரோஸ்லின் அங்க போயி எம்புட்டுக் காலமா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா. இவன் வரவே மாட்டான்னு அவ முடிவு பண்ணிட்டா, அப்புறம் நான் அவ மூஞ்சில எப்படி முழிக்க? எல்லாருக்கும் உள்ளது எனக்கும். போடு தாயி."

உலகம்மாள் உள்ள போனா. அழல. அந்த ஒத்த வரிய எழுதினா, மிஷினுக்கு அனுப்பினா, மிஷின் சரக்கு சரக்குன்னு பேனரத் துப்புறத நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு கேட்டோம். பழைய பேனர அவுத்துட்டுப் புதுச அண்ணாச்சியே நின்னு, இந்தப் பக்கம் ஏத்து, அந்தப் பக்கம் இழுன்னு சொல்லிக் கட்டவச்சாக, ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு திருப்பிக் கட்டவச்சாக. அப்புறம் சேர்ல உக்காந்துக்கிட்டாக.

என் கிரைண்டர் சத்தந்தான் மொதல்ல எறங்குச்சு. உம்ம்முன்னு இருந்தது முனகலாகி, முனகல் மூச்சாகி, நின்னு போச்சு. பாய் மிஷின் நின்னுச்சு. ஃபேன் எறக்க ஒண்ணொண்ணாக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சு நின்னுச்சு, தொட்டில் நின்னுச்சு, டீ கிளாஸுக்குள்ள விழுந்து நின்னுச்சு, கொளத்தங்கரைப் பக்கம் போன சிலிண்டரு திரும்பி வரல, புளியமரத்த வேன் கடைசியா ஒரு சுத்துச் சுத்தி, பொறுமையா ஒதுங்கி நின்னுச்சு. எம்மா, அப்படி ஒரு அமைதிய அதுக்கு முன்ன நான் கேட்டதே இல்ல. நாங்க அதெதையும் பாக்கல. எல்லாரும் அண்ணாச்சியத்தான் பாத்தோம். அவுக நெஞ்சுல கைய வச்சு, கண்ண மூடி, ஒதட்டுல வேர்வ பூத்து உக்காந்திருந்தாக.

உலகம்மாள் மட்டும் பேனரப் பாத்துக்கிட்டு இருந்தா. புள்ளியெல்லாம் தளந்து தளந்து அமருது. நடுவுல அந்தச் செங்கல் நெறப் புள்ளி நகருது, நகருற மாதிரி இருக்கு, இல்ல, நிக்கப் போவுது. அண்ணாச்சி கழுத்து ஒரு பக்கமாச் சாயுது. "அண்ணாச்சி!"ன்னு பாய் கத்தினாரு. அவ்வளவுதான் தெரியும், அந்தப் பிள்ள ஏணிமேல நிக்கா. ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காக மூக்குமேல இருந்த புள்ளியத் தொட மாட்டேன்னு ஒரு பொழுதத் தொலைச்சவ, கைய நீட்டி, ஆள்காட்டி வெரல அந்தப் புள்ளி மேல வச்சு, பிள்ளைய ஊஞ்சல்ல தள்ளுற மாதிரி ஒரு தள்ளு தள்ளினா.

புள்ளி ஓடுச்சு.

அண்ணாச்சி "ஏய்!"ன்னு துள்ளி எந்திரிச்சாக. "யாரு தாயி அது, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு!"

அழுததா சிரிச்சதான்னு தெரியாம பஜாரே கத்திச்சு. ஜாஸ்மின் கர்த்தரக் கூப்பிட்டா, பாய் அல்லாவக் கூப்பிட்டாரு, நான் எனக்குத் தெரிஞ்ச எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். "தனிச் சட்டம் வேண்டாம்னுதான சொன்னீக?"ன்னா உலகம்மாள் ஏணியிலேர்ந்து, மூச்சு வாங்க. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இது சட்டம் இல்ல, என் கை." அண்ணாச்சி போய், அவ எறங்குற வரைக்கும் ஏணிய அமத்திப் பிடிச்சிக்கிட்டாக.

அதுலேர்ந்து தெனம் காலைல அவ கடையத் திறந்ததும் மொத வேல அது. ஒரு தள்ளு தள்ளினா மறுநாள் வரைக்கும் தாங்கும். ஆனா அவளுக்கு அதுவே வெலங்கா மாறிருச்சு. ஒரு கல்யாணம் காட்சிக்குப் போறதில்ல, பெத்த அம்மாவப் பாக்கப் போனாக்கூட அன்னைக்கே ஓடி வந்துருவா. பெங்களூர்ல கம்ப்யூட்டர்ல படம் போடுறவுக எல்லாம் கூடுற எடத்துல அவ படத்த வைக்கணும், அவளே வந்து பேசணும்னு போன்ல கூப்பிட்டாக. வரமுடியாதுன்னுட்டா. அண்ணாச்சிக்குக் கோவம் வந்துருச்சு. "என்னைய வச்சுப் பாக்கவா நீ படிச்ச? போய்ட்டு வா"ன்னு சத்தம் போட்டாக. "நீங்க சும்மா இருங்க"ன்னு அதவிடச் சத்தமாச் சொல்லிட்டா. பேனர் எறங்கி எறங்கி வந்துச்சு, ஏணி இல்லாமலே கை எட்டுற ஒயரத்துக்கு வந்து நின்னுச்சு, கயிறு தொய்ஞ்சிருக்கும்னு அவ நெனைச்சா.

அடுத்த வருசம் கார்த்திகை மாசம் அடமழையில அவளுக்கு நல்ல காய்ச்சல். அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கி, முழிச்சுப் பாத்தா உச்சிப்பொழுது. தலைய முடியாம, செருப்பப் போடாம, தெருச் சேத்துல ஓடி வந்தா பாருங்க, அந்த மூஞ்சிய எனக்கு மறக்கவே முடியாது. கடை வாசலுக்கு வந்து அப்படியே நின்னுட்டா. உள்ள அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட, "காதுகுத்துக்கு எதுக்குவே ஆறு தலைவரு படம், பிள்ள படத்த எங்க போட?"ன்னு சண்ட போட்டுக்கிட்டு இருந்தாக.

அவளுக்கு ஒண்ணும் புரியல. "இன்னைக்கு நான் தள்ளலியே"ன்னா என்னப் பாத்து.

"நான் விடியக்கால கடை திறக்கும்போதே தள்ளிட்டேன்டி"ன்னேன்.

"நீங்களா? நான்லா தொழுதுட்டு வரும்போது தள்ளினேன்"னாரு பாய்.

"நானும் தள்ளினேனே, பிள்ள கையப் பிடிச்சி"ன்னா ஜாஸ்மின். டீ மாஸ்டர் கரண்டியத் தூக்கிக் காட்டினாரு. புளியமரத்தடியில நின்ன டவுன் பஸ் கண்டக்டரு, "மொத ட்ரிப்புல எறங்கி ஒண்ணு, கடைசி ட்ரிப்புல ஒண்ணு"ன்னாரு. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, அவ அசந்துட்டா என்ன செய்யன்னு பயந்து, மொத நாளுலேர்ந்தே ஒவ்வொருத்தரும் தள்ளிக்கிட்டுத்தான் இருந்திருக்கோம், கை எட்டலன்னு ஆளுக்கு ஒரு முடிச்சா பேனர எறக்கியிருக்கோம். அவ கிட்ட போய் பேனரப் பாத்தா. அத்தன வெரலு பட்டு அந்த எடத்துல மையெல்லாம் போயி, துணி வெளுத்து, பளபளன்னு ஆயிருந்துச்சு. செங்கல் நெறம் போயி வெள்ளையாகி, புள்ளி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பாத்துக்கிட்டே வாசப்படியில உக்காந்து, இத்தன மாசமா அழாதத எல்லாம் சேத்து அழுதா. நான் பக்கத்துல உக்காந்து அவ தலைய முடிஞ்சு விட்டேன்.

அண்ணாச்சி வெளிய எட்டிப் பாத்தாக. "எனக்குத் தெரியும் தாயி. இந்த நெஞ்சுல ஒரு நாளைக்கு எத்தன வெரலு படுதுன்னு எனக்குத்தான தெரியும். ஒரு மனுசன் நிம்மதியா ஒரு தூக்கம் போட முடியுதா? நீ பெங்களூர் போறியா, இல்ல நான் உன் பைய எடுத்துட்டு பஸ் ஏறட்டுமா?"

போயிருக்கா. இன்னைக்கு அங்க பெரிய ஹால்ல அவ படம் ஓடுதாம், வெளிநாட்டுக்காரகல்லாம் வாயப் பொளந்து பாக்காகளாம், போன்ல சொன்னா. எப்ப வருவன்னு கேட்டேன், இன்னும் கொஞ்ச நாளாகும் அத்தேன்னா, கொரல்ல பயமே இல்ல. நான் உளுந்த அரைச்சு வழிச்சுப் போட்டுட்டு, ரோட்டக் கடந்து போய், பேனர்ல அந்த வெள்ளப் புள்ளிய ஒரு தள்ளு தள்ளினேன். உள்ளேர்ந்து சத்தம் வந்துச்சு: "சுப்புத்தாயி, ஒரு நாளாவது கையக் கழுவிட்டு வரக் கூடாதா?"